லூப் ரோடு வழியாகப் போகிறவர்களுக்கு



கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை கடலையொட்டிப் போகிற மெரினா லூப் ரோட்டில் தினமும் காரிலும் பைக்கிலும் போய்வருகிற உங்களுக்குத்தான் இந்த மடல். அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கமிருந்து காலையில் வேலைக்குக் கிளம்பி வடக்கே போகிறீர்கள். மாலையில் அதே வழியில் வீடு திரும்புகிறீர்கள். நான் அந்தச் சாலையோரக் குப்பம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். அப்பா கடல் தொழில் செய்தவர், அண்ணன் இன்றைக்கும் செய்கிறார். உங்கள் வண்டிக்கும் எங்கள் படகுக்கும் நடுவே வருஷக்கணக்காக ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் உங்கள் தரப்பு பேப்பரில் வருகிறது, மனுவாகிறது, நீதிமன்றம் வரை போய்ச் சேர்கிறது. எங்கள் தரப்பை உங்கள் முகத்தைப் பார்த்து யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ரோட்டோரம் படகை ஏற்றாதே, நடைபாதையில் வலையைப் பரப்பாதே, மீன் கூடையைத் தார் மேல் வைக்காதே, சாலை வண்டி போவதற்கு. உங்கள் அவசரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஒன்பதரை மணிக்கு ஆபீசில் இருக்க வேண்டியவருக்குக் குறுக்கே ஒரு படகு இழுபடும்போது எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். சாலை முதலில் இருந்து, பிறகு அதன்மேல் நாங்கள் படகைக் கொண்டுவந்து போட்டிருந்தால் உங்களோடு சேர்ந்து நானும் அதையே சொல்லியிருப்பேன்.

நடந்தது அப்படி இல்லை. நொச்சிக்குப்பம், டுமீங்குப்பம், முள்ளிக்குப்பம், சீனிவாசபுரம் என்று இந்தக் கரையில் வரிசையாக ஊர்கள் இருக்கின்றன. ஊருக்கு ஊர் பஞ்சாயத்து உண்டு, கோயில் உண்டு, மணலில் இன்னார் படகுக்கு இன்ன இடம் என்ற கணக்கு உண்டு. சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் எழும்பியபின் அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து கரை அகலமானது. 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் இந்தக் கரையில் உலாவுவதற்குப் பாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். அதற்கெல்லாம் முந்தியே இங்கே கட்டுமரங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. லூப் ரோடு என்று நீங்கள் சொல்வது எங்கள் ஊர்களை ஒன்றோடொன்று சேர்த்த உள்வழி. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தண்ணீர்க்குடம் தூக்கும் பெண்களும் வலை சுமக்கும் ஆண்களும் நடந்த பாதை அது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தினார்கள், தார் ஊற்றினார்கள், ஓரத்தில் நடைபாதை கட்டினார்கள். சாந்தோம் நெடுஞ்சாலையில் நெரிசல் ஏற ஏற, அந்த நெரிசலை எங்கள் வாசலுக்குத் திருப்பிவிட்டார்கள். சாலைதான் படகிடம் வந்தது.

சரி, பழைய கதை இருக்கட்டும், இப்போது படகை வேறெங்காவது வைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் கடற்கரையில் ஏற்றி வைத்திருக்கும் படகை, வீட்டு வாசலில் நிறுத்திய காரைப் போல நீங்கள் பார்க்கிறீர்கள். காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்துவர முடியும். படகை அப்படிச் செய்ய முடியாது.

இந்தக் கரையில் எங்களுக்குத் துறைமுகம் கிடையாது. காசிமேட்டுத் துறைமுகம் விசைப்படகுகளுக்காகக் கட்டப்பட்டது. எங்களுடையவை அலையை உடைத்துக்கொண்டு போய் அலையோடு திரும்பிக் கரை தட்டுகிற சின்ன ஃபைபர் படகுகள். ஒரு காலத்தில் இங்கே கட்டுமரம்தான் அதிகம். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனபின் நிவாரணமாக ஃபைபர் படகுகள் நிறைய வந்தன, கட்டுமரத்தின் இடத்தை அவை பிடித்துக்கொண்டன. கட்டுமரத்தின் கட்டை அவிழ்த்துவிட்டால் மரம் மரமாகத் தோளில் தூக்கிப் போகலாம். ஃபைபர் படகு ஒரே உடம்பு. கரை தட்டியதும் பத்துப் பேர் கூடித் தள்ளியோ, டிராக்டர் வைத்து இழுத்தோ, அலை எட்டாத மேட்டுக்கு ஏற்றியாக வேண்டும். கொஞ்சம் அசந்தால் அடுத்த அலை அதைத் திருப்பி அடித்து உடைத்துவிடும்.

அலை எட்டாத மேடு எது என்பதும் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. சித்திரை, வைகாசியில் மணல் அகலமாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் ஏறி வரும், மணல் குறுகும். தெற்கே சீனிவாசபுரத்தில் போய்ப் பாருங்கள். அடையாற்று முகத்துவாரத்தையொட்டி வீடுகளே கடலுக்குள் போயிருக்கின்றன. கடல் ஏறும்போது படகும் மேற்கே ஏறுகிறது. அப்படி ஏறி வருகிற படகு கடைசியில் முட்டி நிற்கிற இடம் உங்கள் தார் ரோடு. புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் சாலைக்கே படகைக் கொண்டுவருவதைத் தவிர வேறு வழி இல்லை. 2016-இல் வர்தா, 2023-இல் மிக்ஜாம் என்று ஒவ்வொரு புயலும் எங்களுக்கு இதைத்தான் கற்றுக்கொடுத்தது. மணலில் விட்ட படகு காலையில் இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு படகும் அதன் எஞ்சினும் வலையும் சேர்ந்தால் பல லட்சம் ரூபாய். பெரும்பாலும் கடன் வாங்கிப் போட்ட பணம்.

படகு கண் எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டியதற்கு இன்னொரு காரணம் உண்டு. தொழிலுக்குப் போகிறவர் பின்னிரவில் எழுந்ததும் முதலில் கரைக்கு வந்து கடலைப் பார்க்கிறார். காற்று வாடையா கச்சானா, நீரோட்டம் வண்ணி வெள்ளமா தெண்டி வெள்ளமா, அலை எத்தனை வரிசையாக உடைகிறது, வானம் எந்தப் பக்கம் இருண்டிருக்கிறது. இதையெல்லாம் அந்த இடத்திலேயே நின்று பார்த்துத்தான் இறங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். மீன் கூட்டம் கரையோரம் வந்துவிட்டால் அரைமணி நேரத்துக்குள் படகு இறங்கியாக வேண்டும். பத்து கிலோமீட்டர் தள்ளி எங்கேயோ ஒரு கொட்டகையில் படகைப் பூட்டிவைத்துவிட்டு இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. டாக்சி ஓட்டுகிறவர் செய்யலாம், நாங்கள் செய்ய முடியாது.

பிடித்த மீன் கரைக்கு வந்ததும் மணலிலேயே ஏலம் விடுகிறார்கள். அங்கிருந்து பெண்கள் கூடையில் எடுத்துவந்து விற்கிறார்கள். நெத்திலி, காரப்பொடி, சங்கரா, வவ்வால், நண்டு என்று அன்றைக்குக் கடல் கொடுத்தது அன்றைக்கே விலை போகிறது. ஐஸில் நாலு நாள் கிடக்காத மீன் வேண்டும் என்றுதானே ஞாயிற்றுக்கிழமை காலையில் மந்தைவெளியிலிருந்தும் மயிலாப்பூரிலிருந்தும் நீங்களே பையோடு வந்து நிற்கிறீர்கள்? திங்கட்கிழமை உங்கள் காரை மறிப்பதாக நீங்கள் குறைசொல்லும் படகுதான் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக் குழம்புக்கு மீன் கொண்டுவந்தது. படகு இந்த மணலைவிட்டுப் போனால் ஏலம் போகும், ஏலம் போனால் அந்தப் பெண்களின் கையில் ஓடும் காசு போகும். இந்தக் கரையில் எத்தனையோ வீடுகள் அந்தக் காசில்தான் நடக்கின்றன.

வலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்பு எங்கள் வீடுகள் தரையில் இருந்தன. வாசலில் வலையைப் பரப்பினோம், திண்ணையில் உட்கார்ந்து பொத்தல் அடைத்தோம். குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கியபின் அடுக்குமாடி வந்தது. அது பழுதாகி, பிறகு இன்னும் உயரமாகப் புதியது வந்தது. நல்ல வீடு கிடைத்ததற்கு எங்களுக்கு நன்றி உண்டு. ஆனால் அந்த வீடுகளைத் திட்டமிட்டவர்கள் நாங்கள் எங்கே தூங்குவோம் என்று யோசித்த அளவுக்கு எங்கே வேலை செய்வோம் என்று யோசிக்கவில்லை. மூன்றாவது மாடிக்கு ஈர வலையை எப்படித் தூக்குவது? எஞ்சினை எந்த அறையில் வைப்பது? வலை நடைபாதைக்கு வந்தது இப்படித்தான். நீங்கள் காலையில் நடக்கும்போது ஓரமாக உட்கார்ந்து வலை பின்னுகிற பெரியவரைப் பார்த்திருப்பீர்கள். அவருக்கு வேறு பட்டறை கிடையாது.

வெளிநாட்டில் தெருவில் படகு நிறுத்தினால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், இங்கேதான் கேட்க ஆளில்லை என்று ஒருவர் என்னிடமே வாதாடினார். அவர் சொன்னது உண்மைதான், அப்படிச் சட்டம் இருக்கிறது. சிட்னி நகரம் இருக்கிற நியூ சவுத் வேல்ஸில் 2015-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். டிரெய்லரில் ஏற்றிய படகு தெருவில் 28 நாளுக்கு மேல் நகராமல் கிடந்தால், அறிவிப்புக் கொடுத்துவிட்டு உள்ளூர் மன்றம் அதை எடுத்துச் செல்லலாம் என்றது அந்தத் திருத்தம். படித்துப் பார்த்தேன், எனக்கு நியாயமாகவே பட்டது. அங்கே தெருவில் கிடப்பது விடுமுறைக்குத் தூண்டில் போடப் போகிறவரின் படகு. வருஷத்தில் சில நாள் கடலைப் பார்க்கும், மற்ற நாளெல்லாம் அடுத்த வீட்டுக்காரரின் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். அதற்குச் சக்கரம் இருக்கிறது, உரிமையாளருக்கு வேறு இடம் வாடகைக்குப் பிடிக்க வசதி இருக்கிறது. அந்தச் சட்டம் யாரைக் காப்பாற்ற வந்தது என்று பாருங்கள். தெருவில் குடியிருக்கிறவரை. அவர் வாசலை வெளியாளின் வசதி விழுங்கிவிடக் கூடாது என்பதுதான் அதன் கருத்து. அதே கருத்தை லூப் ரோட்டுக்குக் கொண்டுவந்து பொருத்துங்கள். இங்கே குடியிருக்கிறவர் யார், வெளியிலிருந்து வருகிறவர் யார்?

இந்தக் கேள்வியை நீங்கள் ஆற அமர யோசிக்க வேண்டும். லூப் ரோடு ஒரு குடியிருப்புத் தெரு. மேற்கே எங்கள் வீடுகள், கிழக்கே எங்கள் படகுகள், நடுவே உங்கள் வண்டிகள். ஒரு நாளில் எங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் எத்தனை தடவை அந்தச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கிறது தெரியுமா? எஞ்சினைத் தண்டில் கட்டித் தோளில் சுமந்துகொண்டு இரண்டு பேர் கடக்கிறார்கள். தலையில் மீன் கூடையோடு கிழவி கடக்கிறாள். கடலுக்குப் போன அப்பா வந்துவிட்டாரா என்று பார்க்கப் பிள்ளை ஓடுகிறது. குடியிருப்புப் பகுதியில் எந்த வண்டியும் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023-இல் அறிவித்தது. உங்கள் அடுக்குமாடி இருக்கும் தெருவில் வேகத்தடை கேட்டு நீங்கள் மனுக் கொடுக்கிறீர்கள், வெளி வண்டி நுழையக் கூடாது என்று கேட் போடுகிறீர்கள். பிள்ளைகள் விளையாடும் தெரு என்று பலகை வைக்கிறீர்கள். எங்கள் தெருவுக்கு வந்ததும் அந்த நியாயம் எங்கே போகிறது? கடல் காற்று அடிக்கிற நேரான ரோடு என்று ஆக்சிலேட்டரை மிதிக்கிறீர்கள். என் அண்ணன் மகனை ஒரு பைக் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்துக் கிடந்தான். படகு யாரையும் இடித்துவிட்டு ஓடியதில்லை.

நிறுத்தும் இடத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்றால் உங்கள் வண்டிகளையும் சேர்த்தே பேச வேண்டும். மாலையில் காற்று வாங்க வருகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க வருகிறவர்கள், கடலைப் பார்த்துக்கொண்டே டீ குடிக்கிறவர்கள் எல்லாரும் காரைக் கிழக்கு ஓரத்தில், படகுக்கும் சாலைக்கும் நடுவே நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். படகை இறக்க வேண்டிய வழியில் பூட்டிய கார் நிற்கும். ஓட்டியவரைத் தேடிக் கடற்கரை முழுக்க அலைய வேண்டும். அதற்குள் கடல் மாறிவிடும். இதை யாரும் நீதிமன்றத்துக்கு எடுத்துப்போகவில்லை.

எங்களுக்குப் பயம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. 1985-இல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று சொல்லிக் கரையில் இருந்த கட்டுமரங்களையும் வலைகளையும் அரசு அகற்ற முனைந்தது. மீனவர்கள் எதிர்த்து நின்றார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. என் தலைமுறைக்கு அது வீட்டில் சொல்லிக்கேட்ட கதை, என் அப்பா தலைமுறைக்குக் கண்ணால் பார்த்தது. அதனால்தான் படகை எடு என்று யாராவது சொன்னால் எங்கள் பெரியவர்களின் குரல் மாறிவிடுகிறது. அது முரட்டுத்தனம் என்று நினைக்காதீர்கள்.

பிறகு 2023 ஏப்ரல். லூப் ரோட்டு ஆக்கிரமிப்பைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்தது. மாநகராட்சி புல்டோசரோடு வந்து மீன் கடைகளை அகற்றியது. எங்கள் பெண்கள் நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டதில் சட்டத்துக்குப் புறம்பானது எதுவும் இல்லை. தெருவோர வியாபாரிகளை அப்புறப்படுத்துவதற்கு முன் கணக்கெடுக்க வேண்டும், சான்று கொடுக்க வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. 2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் 366 கடைகளோடு புதிய மீன் அங்காடி திறந்தார்கள். கூரை, தண்ணீர், உட்கார மேடை என்று பல வசதிகள் கிடைத்தன. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அங்காடி கட்டியதோடு கரைப் பிரச்சினை தீர்ந்தது, இனி சாலை முழுக்க வண்டிக்குத்தான் என்று உங்களில் பலர் பேசுவதைக் கேட்கிறேன். அங்காடி மீன் விற்கிற இடம். படகும் வலையும் அங்காடிக்குள் போகாது. அவற்றுக்கு மணல் வேண்டும், மணலுக்குப் போக வழி வேண்டும்.

உங்களுக்கு இன்னொன்றை ஞாபகப்படுத்துகிறேன். இதைச் சொல்லிக் காட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு பொங்கிக் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் முடிச்சூரிலும் முதல் மாடி வரை தண்ணீர் நின்றது. அப்போது இந்த நகரத்தின் குப்பங்களிலிருந்து படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு எங்கள் ஆட்கள் வந்தார்கள். உங்கள் தெருக்களில் இறக்கினார்கள். மாடிப்படியில் நின்ற முதியவர்களையும் கைக்குழந்தைக்காரிகளையும் ஏற்றிக் கரை சேர்த்தார்கள். தெருவில் ஓடி அடி தேய்ந்து, கேட்டிலும் மதிலிலும் இடித்துச் சில படகுகள் சேதமாயின. 2023 மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கியபோதும் மீனவர்கள் படகோடு வந்தார்கள். குடியிருப்புத் தெருவில் படகு நிற்பது தப்பு என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் படகுகள் அத்தனை சீக்கிரம் வந்து சேர்ந்ததற்கு ஒரே காரணம், அவை நகரத்துக்குள்ளேயே, சாலைக்கு ஓரமாகவே, ஆள் பக்கத்தில் இருக்க நின்றுகொண்டிருந்தன என்பதுதான். ஊருக்கு வெளியே கொட்டகையில் பூட்டியிருந்தால் வந்திருக்காது.

எங்கள் பக்கத்திலும் ஒழுங்கு வேண்டும், அதை நான் மறைக்கவில்லை. உடைந்து தொழிலுக்கு உதவாத படகுகள் சில இடங்களில் வருஷக்கணக்காகக் கிடக்கின்றன. அவற்றை எடுக்க வேண்டும். இழுக்கிற கயிறு தார் ரோட்டின் குறுக்கே கிடக்கக் கூடாது, பைக்கில் வருகிறவர் கழுத்தில் பட்டால் உயிர் போய்விடும். மீன் கழிவைச் சாலையோரத்தில் கொட்டக் கூடாது. சாதாரண நாளில் படகு மணலோடு நிற்க வேண்டும், சாலைக்கு வருவது புயல் எச்சரிக்கையின்போதும் கடல் ஏறும்போதும் மட்டும். இதையெல்லாம் வெளியிலிருந்து அபராதச் சீட்டோடு ஒருவர் வந்து நடத்த முடியாது. எந்தப் படகு யாருடையது, அது ஏன் அங்கே நிற்கிறது, நாளைக்கு நகருமா நகராதா என்று ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தெரியும். எந்த ஊரில் எத்தனை நாள் கடலுக்குப் போகக் கூடாது, யார் வலை எங்கே விரியலாம் என்பதைத் தலைமுறை தலைமுறையாக முடிவுசெய்து வருகிற அமைப்பு அது. மாநகராட்சியும் போக்குவரத்துக் காவலும் மீன்வளத் துறையும் பஞ்சாயத்தோடு உட்கார்ந்து பேசிப் படகு நிறுத்தும் எல்லையைக் கல் நட்டுக் குறித்தால், அந்த எல்லையை எங்கள் ஊரே காவல் காக்கும்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

லூப் ரோட்டில் உங்களுக்கு வேலை இல்லாதபோது அதைக் குறுக்குவழியாக எடுக்காதீர்கள். கூப்பிடு தூரத்தில் சாந்தோம் நெடுஞ்சாலை இருக்கிறது. அங்கே சிக்னலில் சில நிமிஷம் கூடுதலாக நிற்க வேண்டியிருக்கும், நிற்கத் தயவுசெய்து மனசு வையுங்கள். மீன் வாங்கவோ கடலைப் பார்க்கவோ வந்தால் தாராளமாக வாருங்கள். முப்பதுக்குக் கீழே ஓட்டுங்கள், மணலுக்கு இறங்கும் வழியை விட்டுவிட்டு அங்காடிப் பக்கம் வண்டியை நிறுத்துங்கள். படகு கரையேறும் காலை நேரத்தில் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினால் ஹாரன் அடிக்காதீர்கள். பத்துப் பேர் மூச்சுப் பிடித்து ஓர் எடையைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் லூப் ரோட்டைப் பற்றிப் பேச்சு வரும். அடுத்த முறை வரும்போது, படகை அகற்றச் சொல்லும் மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு காலை எங்கள் கரைக்கு வந்து நின்று பாருங்கள். அதன்பிறகும் உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் எங்கள் பஞ்சாயத்தாரிடம் நேராகச் சொல்லுங்கள். நாங்கள் பேசத் தயாராக இருக்கிறோம். பேசாமலே நீதிமன்றத்துக்குப் போகிறபோதுதான் புல்டோசர் வருகிறது.

கடைசியாக, இதுதான் பெரிய கோரிக்கை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு, 2011-இல் வந்ததும் 2019-இல் வந்ததும், கரையோரத் திட்ட வரைபடத்தில் மீனவக் கிராமங்களையும் அவர்களின் பொது இடங்களையும் குறித்துக் காட்ட வேண்டும் என்கிறது. படகு ஏற்றும் மணல், வலை காயும் இடம், மீன் உலர்த்தும் களம் எல்லாம் அந்தப் பொது இடங்கள்தான். 2023-இல் வரைவு வரைபடத்துக்குக் கருத்துக் கேட்டபோது, இந்த இடங்களில் பலவும் விடுபட்டிருக்கின்றன என்று மீனவர்கள் எழுந்து சொன்னார்கள். எங்கள் குரல் மட்டும் போதவில்லை. கடலோரத்தில் சாலை எங்கே ஓடுகிறது, கட்டடம் எங்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான் எதை எங்கே அனுமதிக்கலாம் என்று அந்தச் சட்டம் கணக்குப் பார்க்கிறது. வரைபடத்தில் சாலை இருந்து படகு நிறுத்தும் இடம் இல்லாமல் போனால், நாளைக்கு எந்தத் திட்டம் வந்தாலும் எங்கள் மணல் யாருமில்லாத இடமாகத்தான் தெரியும். நீங்கள் படித்தவர்கள், மனு எழுதத் தெரிந்தவர்கள், அதிகாரிகள் திரும்ப அழைத்துப் பேசுகிற அளவுக்குச் செல்வாக்கு உள்ளவர்கள். இதுவரை அந்தச் செல்வாக்கு எங்கள் படகுக்கு எதிராகப் போயிருக்கிறது. இந்தக் கரையில் படகு நிறுத்தும் இடங்களை எல்லை குறித்து வரைபடத்தில் ஏற்றுங்கள், லூப் ரோட்டைக் குடியிருப்புத் தெருவாக அறிவித்துக் கடந்துபோகும் வண்டிகளைக் கட்டுப்படுத்துங்கள் என்று மாநகராட்சிக்கும் மாநிலக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்துக்கும் எங்களோடு சேர்ந்து எழுதுங்கள். மனுவை நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட வாருங்கள்.

இப்படிக்கு,
லூப் ரோட்டோரக் குப்பத்துக்காரன்